குருத்து காய்ந்தால் உடனே மருந்தடிக்க வேண்டுமா?

சம்பா நட்டு 20, 25 நாளில் வயலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நடுக்குருத்து காய்ந்து நிற்கும். இழுத்தால் கையோடு வந்துவிடும். பார்த்த அன்றே பல விவசாயிகள் மருந்துக் கடைக்குப் போய்விடுகிறார்கள். அந்தச் செலவு பெரும்பாலும் தேவையற்றது.

நெல், தேவைக்கு மேல் தூர் கட்டும் பயிர். பூச்சியே இல்லாத வயலிலும் எல்லாத் தூரும் கதிராவதில்லை. கடைசியாக வந்தவை நிழலில் மெலிந்து மடிந்துவிடும். தண்டுத்துளைப்பான் ஒரு தூரைக் கொன்றால், அப்படி மடிய இருந்த பக்கத்துத் தூர் வெளிச்சமும் சத்தும் பெற்றுக் கதிர் விடுகிறது. புதுத் தூரும் வெடிக்கிறது. குருத்து காய்ந்த தூரில் மிஞ்சிய பச்சை இலைகள் தயாரிக்கும் உணவுகூட, அடியில் ஒட்டியிருக்கும் நல்ல தூர்களுக்குப் போய்ச் சேருகிறது.

இலைச்சுருட்டுப் புழு பச்சையம் சுரண்டி வயல் வெளுத்தாலும், இளம்பயிர் புது இலை விட்டுத் தேறிவிடும்.

வியட்நாமின் மீகாங் டெல்டாவில் 1990களில், முதல் 40 நாளுக்கு இலை தின்னும் புழுக்களுக்கு மருந்தடிக்க வேண்டாம் என்று பெரிய பிரசாரமே நடந்தது. அடிக்காமல் விட்டுப் பார்த்தவர்களுக்கு மகசூல் குறையவில்லை. தொடக்கத்திலேயே அடித்தால் சிலந்திகள் முதலில் சாகும்; பின்னால் புகையான் வரும்போது அதைத் தின்ன ஆளிருக்காது.

ஆனால், கதிர் உருவாகிவிட்டால் கதையே வேறு. புதுத் தூர் விட நேரமில்லை. வெண்கதிரான தூருக்கு மாற்று கிடையாது. மணி பால் பிடிக்கப் பெரிதும் உதவும் கண்ணாடி இலை போனால் பதர்தான். அதனால்தான் தண்டுத்துளைப்பானுக்குத் தூர் கட்டும் பருவத்தில் 10 சதவீதக் குருத்துக் காய்தலைப் பொருளாதாரச் சேதநிலையாக வைத்திருக்கிறோம். வெண்கதிருக்கு வெறும் 2 சதவீதம். இலைச்சுருட்டுக்கு முன்பருவத்தில் 10 சதவீத இலைச் சேதம், பூக்கும்போது கண்ணாடி இலையில் 5 சதவீதம்.

20 தூர் உள்ள குத்தில் 2 காய்ந்தால் 10 சதவீதம். வரப்போரத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காமல், வயலுக்குள் குறுக்கே நடந்து பல குத்துகளை எண்ணுங்கள்.

குறுகிய கால ரகங்களும், தண்ணீர்த் தட்டுப்பாட்டில் வாடும் பயிரும் இந்த அளவுக்கு ஈடுகட்டாது. அங்கே அடிக்கடி எண்ண வேண்டும். பயிர் தேறட்டும் என்று யூரியாவைக் கூட்டிப் போடாதீர்கள். அது இலைச்சுருட்டுப் புழுவுக்கு விருந்து. இனி நடப்போகிறவர்கள் நாற்றின் நுனியைக் கிள்ளிவிட்டு நடலாம். தண்டுத்துளைப்பானின் முட்டைக் குவியல் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.