நினைவு நாணயத்தின் இரண்டு விலைகள்

பினாங்கு நகைக்கடையில் தங்க நினைவு நாணயம் ஒன்றை விலை கேட்டால், அதில் இரண்டு விலைகள் கலந்திருக்கும்.

ஒன்று, தங்கத்தின் விலை. உலகச் சந்தையில் அதை அமெரிக்க டாலரில் கணக்கிடுகிறார்கள். 1997 நடுவில் ஒரு டாலருக்கு ஏறக்குறைய 2.50 வெள்ளி, 1998 ஜனவரியில் அது 4.50 வெள்ளியைத் தாண்டியது. தங்கத்தின் டாலர் விலை மாறாவிட்டாலும், நம் வெள்ளியின் மதிப்பு இறங்கினால் நாணயத்தின் விலை ஏறும்.

மற்றொன்று, ஆசையின் விலை. 2007-இல் சுதந்திரப் பொன்விழாவுக்கு பேங்க் நெகாரா நினைவு நாணயங்களை வெளியிட்டது. இத்தகைய விழாக் காலத்தில் பலரும் தேடுவதால் விலை ஏறும்; விழா முடிந்தபின் இறங்கவும் கூடும். அடகுக் கடைக்காரர் எடையைத்தான் பார்ப்பார், விழாவை அல்ல.

ஆகவே, மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த பணத்தில் நாணயம் வாங்குமுன், “இன்றே திருப்பித் தந்தால் என்ன கொடுப்பீர்கள்?” என்று கேளுங்கள். அந்தப் பதில்தான் உங்கள் சேமிப்பின் உண்மையான மதிப்பு.