சுகர் இறங்கினால்…

1921-ன் குளிர்காலம். கனடாவின் டொரான்டோ பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் காலிப் என்ற உயிர்வேதியியலாளர், கணையத்திலிருந்து பிரித்தெடுத்த சாற்றை முயல்களுக்கு ஊசியில் ஏற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். சாறு வீரியமாக அமைந்துவிட்டால் முயல்களுக்கு வலிப்பு கண்டது. சில மயங்கிச் சரிந்தன. குளுக்கோஸ் ஏற்றியதும் தெளிந்தன. பிற்பாடு இன்சுலினுக்கு ‘யூனிட்’ வகுத்தபோது, பட்டினி கிடந்த முயலின் ரத்தச் சர்க்கரையை 45 மில்லிகிராமுக்கு இறக்கும் அளவையே கணக்காக வைத்தார்கள். மருந்தின் ஆபத்துதான் அதன் அளவுகோலாகவும் ஆனது.

நூறாண்டு கழிந்தும் நம் வீடுகளில் சுகர் ஏறுவதைப் பற்றித்தான் பேச்சு. கருவி 62 என்று காட்டினால் ‘மாத்திரை நல்லா கேக்குது’ என்று மகிழ்பவர்கள் உண்டு. ஆனால் டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனாலே அது தாழ்சர்க்கரை. 54-க்குக் கீழே ஆபத்து. குறையக் குறைய நல்லது என்ற கணக்கு மருத்துவர்களையும் ஒருமுறை திகைக்க வைத்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 10,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ‘அக்கார்டு’ ஆய்வில், சர்க்கரையைத் தீவிரமாகக் குறைத்த பிரிவில் இறப்பு கூடியதால் அந்தச் சிகிச்சையை 2008-ல் நிறுத்தினார்கள். கடும் தாழ்சர்க்கரையும் அந்தப் பிரிவில்தான் அதிகம். இறப்புகளுக்கு அதுதான் காரணமா என்ற வாதம் ஓயவில்லை.

முதலில் உடம்பு எச்சரிக்கும்: கை நடுக்கம், குப்பென்று வியர்வை, படபடப்பு, அகோரப் பசி. பிறகு மூளை தடுமாறும். பேச்சு குழறும், காரணமில்லாமல் கோபம் வரும், நடை தள்ளாடும். பேருந்து நிலையத்தில் இப்படி ஒருவர் நின்றால் ‘குடிகாரன்’ என்று ஒதுங்கிப் போய்விடுகிறோம். தூக்கத்தில் நேர்ந்தால் கெட்ட கனவும் நனைந்த தலையணையும் காலைத் தலைவலியும்தான் அடையாளம். பல ஆண்டு சர்க்கரை நோயாளிகள் சிலருக்கு எச்சரிக்கையே வராது. ரத்த அழுத்தத்துக்குத் தரும் பீட்டா பிளாக்கர் மாத்திரைகளும் படபடப்பை மறைத்துவிடும். வியர்வை மட்டும் மிஞ்சும்.

மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்குத் தாழ்சர்க்கரை அரிது. இன்சுலினும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளும்தான் பெரும்பாலும் காரணம். மாத்திரையைப் போட்டுக்கொண்டு ‘இதோ சாப்பிடுறேன்’ என்று கல்யாணப் பந்திக்குக் காத்திருப்பது, ஏகாதசி விரதம், வெறும் வயிற்றில் மது, இவையெல்லாம் அதைத் தூண்டிவிடும். ஊசியிலும் ஒரு குளறுபடி உண்டு. நம் ஊர்க் குப்பி இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். 100 யூனிட் வகையும் விற்கிறது. 40-க்கான சிவப்பு மூடி ஊசியில் 100 யூனிட் மருந்தை உறிஞ்சினால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும்.

நினைவு இருந்தால் 15 கிராம் சர்க்கரை உடனே வாய்க்குள் போக வேண்டும்: மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கரைத்தோ, அரை டம்ளர் பழச்சாறாகவோ. 15 நிமிடம் கழித்துச் சோதித்து, ஏறவில்லை என்றால் மறுபடியும். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். வோக்லிபோஸ் மாத்திரை எடுப்பவருக்கு வீட்டுச் சர்க்கரையும் மெதுவாகத்தான் வேலை செய்யும், குளுக்கோஸ்தான் சரி. தெளிந்ததும் இட்லியோ சோறோ சாப்பிட வேண்டும்.

மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. பதற்றத்தில் சர்க்கரைத் தண்ணீரைப் புகட்டப்போய் அது நுரையீரலுக்குள் இறங்கிவிடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழைக்க வேண்டும். சர்க்கரையை ஏற்றும் குளுக்ககான் ஊசி கைவசம் இருந்து, போடத் தெரிந்தவரும் இருந்தால் போடலாம்.

மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏறியதும் கண் விழித்தவர், ‘சரியாயிடுச்சு, வீட்டுக்குப் போலாம்’ என்று கிளம்பப் பார்ப்பார். கிளிபென்கிளமைடு சாப்பிட்ட முதியவர் என்றால், அதிலும் சிறுநீரகம் பழுதானவர் என்றால், மருந்து உடம்பில் தங்கி, சில மணி நேரத்தில் சர்க்கரை மறுபடி இறங்கும். அதனால்தான் மருத்துவர்கள் ஒரு நாளாவது படுக்கையில் வைத்து, இடைவிடாமல் விரலில் குத்திப் பார்க்கிறார்கள்.