ஜூடோ பழகப் போகும் தோழியருக்கு

ஜூடோ என்றதும் அடிதடி என்றே பலர் எண்ணுகின்றனர். "பெண் பிள்ளைக்கு இது எதற்கு?" என்று கேட்கும் பாட்டிமாரும் உண்டு. உண்மையில் இதில் குத்துவதும் இல்லை, உதைப்பதும் இல்லை. எதிராளியின் சட்டையைப் பற்றி, அவர் நிலை தடுமாறும் நொடியில் கீழே வீழ்த்துவதும், விழுந்தவரை எழவிடாமல் பிடித்து வைப்பதுமே இக்கலையின் அடிப்படை.

ஜப்பானியரான ஜிகோரோ கானோ 1882-ஆம் ஆண்டு டோக்கியோவில், ஒரு புத்தர் கோயிலில் 12 பாய்களை விரித்து இதைக் கற்பிக்கத் தொடங்கினார். 'ஜூ' என்றால் மென்மை. 'டோ' என்றால் வழி. மென்மை எப்படி வெல்லும்? 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நம் மாவட்டத்தைத் தாக்கியபோது பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. ஆற்றங்கரை நாணலோ காற்றுக்கு வளைந்து, காற்று ஓய்ந்ததும் நிமிர்ந்துவிடும். அதுபோல, நம்மைத் தள்ளுபவரை எதிர்த்துத் தள்ளாமல், விலகி இழுத்தால் அவருடைய வேகமே அவரை வீழ்த்தும்.

இது நம் நாட்டுப் பெண்களுக்குப் புதிதன்று. கவி தாகூர் 1929-இல் ஷின்சோ தகாகாகி என்ற ஆசிரியரை ஜப்பானிலிருந்து சாந்திநிகேதனுக்கு வரவழைத்தார். மாணவியரும் அவரிடம் பயின்றனர். பொருளாதார மேதை அமர்த்தியா சென்னின் தாயார் அமிதா சென்னும் சாந்திநிகேதனில் ஜூடோ கற்றவரே. மணிப்பூரைச் சேர்ந்த சுசீலா தேவி 2014, 2022 காமன்வெல்த் விளையாட்டுகளில் வெள்ளிப் பதக்கம் வென்றார்.

தோழியரே, இனிப் புதிதாகச் சேர்பவர் அறிய வேண்டியவற்றைப் பார்ப்போம்.

முதற்பாடம் வீழ்த்துவதன்று, விழுவது. பின்புறம் விழும்போது இடுப்புக் கச்சையின் முடிச்சைப் பார்ப்பதுபோல் முகவாயை நெஞ்சோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். அப்போது பின்தலை தரையில் மோதாது. கையை ஊன்றித் தடுக்க முயன்றால் மணிக்கட்டு முறியும். ஆகவே உள்ளங்கையும் முன்கையும் ஒருசேரப் படும்படி பாயில் தட்ட வேண்டும். விழுந்த அதிர்ச்சி ஓரிடத்தில் தங்காமல் பரவிவிடும்.

இதைச் சிறிதென எண்ணலாகாது. ஜூடோ பிறந்த ஜப்பானிலேயே, 1983 முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் பள்ளி ஜூடோவில் 100-க்கும் மேற்பட்ட மாணவர்கள் உயிரிழந்தனர். பெரும்பாலும் தலைக்காயமே காரணம். புதிதாகச் சேர்ந்தவர்களே அதிகம் பலியாயினர். ஆதலால் விழக் கற்பிக்காமல் முதல் நாளே மோதவிடும் இடத்தில் சேர வேண்டாம். தலையில் அடிபட்டபின் தலைவலி, வாந்தி, மயக்கம் தோன்றினால் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். அவர் அனுமதிக்கும்வரை பாயில் கால் வைக்கக் கூடாது.

இரண்டாவது, தட்டுதல். பிடி வலித்தால் எதிராளியின் உடலிலோ பாயிலோ இருமுறை தட்ட வேண்டும். தட்டிய கணமே மற்றவர் விட்டுவிட வேண்டும். தட்டுவது அவமானமன்று. வலியைப் பொறுத்துக்கொண்டு மூட்டைக் கெடுத்துக்கொள்வது வீரமும் அன்று.

மூன்றாவது, தூய்மை. கைகால் நகங்களை ஒட்ட வெட்ட வேண்டும். வளையல், கம்மல், சங்கிலி, கொலுசு, கொண்டை ஊசி எதுவும் கூடாது. தலைமுடியைத் துணி நாடாவால் கட்டலாம். தடித்த பருத்திச் சட்டைக்குள் பெண்கள் பனியன் அணிவது வழக்கம். வயிறு நிறைய உண்டவுடன் பயிற்சிக்குச் செல்லலாகாது.

பெற்றோருக்கும் ஒரு விண்ணப்பம். சேர்க்குமுன் நேரில் சென்று பாருங்கள். பாய்கள் இடைவெளியின்றி நெருங்கி இருக்கின்றனவா? ஒத்த எடையும் வயதும் உள்ளவரோடு பழக விடுகிறார்களா? பெற்றோர் அமர்ந்து பார்க்க அனுமதி உண்டா? இவற்றுக்கு முகம் சுளிக்காமல் விடை கூறுபவரே நல்ல ஆசிரியர்.

பயிற்சியின் தொடக்கத்திலும் முடிவிலும் இருவரும் தலை வணங்குவர். நாம் கற்பதற்காகத் தன் உடலையே நம்பி ஒப்படைப்பவள் எதிரில் நிற்கும் தோழி. அவளைக் காயமின்றி வீட்டுக்கு அனுப்புவது நம் கடமை. இருவரும் சேர்ந்தே உயர வேண்டும் என்பதே கானோ வகுத்த நெறி. அதை மனத்திற் கொண்டு பாயில் கால் வைப்போமாக.