முற்பணம் வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்விகள்

ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்லும் பஸ்ஸில் ஒரு நாள் என் பக்கத்து இருக்கையில் ஒரு தங்கை வந்து அமர்ந்தார். தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். இரண்டு பிள்ளைகளின் தாய். என் கையிலிருந்த கோவையைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

“ஏங்க அக்கா, குவைத்துல குளிருமா? நம்ம சோறு கெடைக்குமா? பிள்ளைகளோட போன்ல பேச விடுவாங்களா?”

மார்கழி, தையில் அங்கும் குளிரும், கோடையில் வெயில் 45 பாகைக்கும் மேலே போகும் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பிறகு, “எந்த ஏஜன்சி மூலமா போறீங்க?” என்று கேட்டேன்.

“அது தெரியாதுங்க. லயத்துக்கு வந்த அண்ணன்தான் எல்லாம் பார்க்கிறாரு. நாளைக்குப் பணம் தாறேன்னு சொல்லியிருக்காரு.”

முன்பின் தெரியாதவரிடம் வெளிநாட்டைப் பற்றிக் கேட்பதில் தவறில்லை. வீட்டைத் தாண்டி உலகை அறிய எமக்கிருக்கும் வழிகளில் அதுவும் ஒன்று. ஆனால் பணம் கைமாறிய பின்பு எமது கேள்விக்கு மதிப்பில்லை. இது மலையகம் முன்னரே அனுபவித்த பாடம்.

தமிழகத்துக் கிராமங்களுக்குச் சென்று ஆட்களைத் திரட்டிய கங்காணியும் முற்பணத்துடன்தான் சென்றார். தூரைத் தோண்டினாலே தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆசை காட்டியதாகப் பாட்டிமார் இன்றும் சொல்வார்கள். அந்த முற்பணமே கடனாகி, தொழிலாளியைத் தோட்டத்தோடு கட்டிப் போட்டது. கடன் தொகை எழுதிய ‘துண்டு’ இல்லாமல் வேறு தோட்டத்துக்கு மாற முடியாது. 1921இல்தான் துண்டு முறை ஒழிந்தது.

இன்றும் வீட்டுப் பணிக்காக வளைகுடா நாடுகளுக்குச் செல்லும் பெண்களுக்கு முகவர்கள் முற்பணம் கொடுக்கிறார்கள். கடன்காரர் வாசலில் நிற்கும்போது அந்தப் பணம் பெரிய உதவியாகத் தெரியும். மனம் மாறினாலோ, திரும்பி வர நேர்ந்தாலோ அதுவே கழுத்துக்குச் சுருக்காகும். ஆகவே பணத்தைத் தொடுமுன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

முதலாவது, முகவர் நிலையத்தின் பெயரும் அனுமதிப்பத்திர இலக்கமும் என்ன? 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் உள்ளவரே ஆட்களை அனுப்பலாம். லயத்துக்கு வருபவர் பெரும்பாலும் உப முகவர்தான்.

இரண்டாவது, என்ன வீசா? சுற்றுலா வீசாவில் சென்று வேலை செய்ய முடியாது. அவ்வாறு ஓமானுக்கு அழைத்துச் செல்லப்பட்ட பல பெண்கள் துன்பப்பட்டு, தூதரகத்தின் பாதுகாப்பு இல்லத்தில் தஞ்சமடைந்த செய்தி 2022இல் நாட்டையே கலக்கியது.

மூன்றாவது, கடவுச்சீட்டில் என் சரியான பிறந்த திகதிதானா? மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக் 2005இல் சவூதி சென்றபோது வயது 17. கடவுச்சீட்டில் பிறந்த ஆண்டு 1988க்குப் பதில் 1982 என்று மாற்றப்பட்டிருந்தது. அவர் பராமரித்த குழந்தை இறந்ததற்காக மரண தண்டனை விதிக்கப்பட்டு, 2013 ஜனவரி 9இல் அது நிறைவேற்றப்பட்டது. யாரோ மாற்றி எழுதிய திகதிக்கு விலை கொடுத்தவர் அந்த ஏழைப் பெண்தான்.

நான்காவது, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது? சம்பளம், ஓய்வு, எத்தனை வருடம் என்பதை எமது மொழியில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். விளங்காத தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். ஒப்பந்தம், கடவுச்சீட்டு, வீசா ஆகியவற்றின் பிரதிகள் ஒவ்வொன்றை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

முகவர் சொல்லும் பதில்களை அப்படியே நம்ப வேண்டாம். பிரதேச செயலகத்திலுள்ள வெளிநாட்டு வேலைவாய்ப்பு உத்தியோகத்தரிடம் சரிபாருங்கள். அல்லது பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். பணியகத்தில் பதிவு செய்து செல்பவருக்கே காப்புறுதியும் உண்டு.

இவ்விதழை வாசிக்கும் சகோதரிகளில் சிலர், 1977, 1983 வன்செயல்களின் பின் மலையகத்தை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் சென்று, அங்கே போரையும் கண்டவர்கள். லயத்துக்கு வரும் ‘அண்ணன்’ உங்கள் வாசலுக்கும் வருவார். கணவரை இழந்து குடும்பத்தைத் தனியே சுமப்பவரின் தேவை அவருக்கு நன்கு தெரியும். போவதா, நிற்பதா என்பது உங்கள் முடிவு. அந்த முடிவை எடுக்கப் பணமல்ல, பதில்களே உதவ வேண்டும்.

தலவாக்கலையில் அந்தத் தங்கை இறங்கினார். பஸ் டிக்கட்டின் பின்புறத்தில் 1989 என்று எழுதிக் கொடுத்திருந்தேன். “அப்ப நாளைக்குப் பணத்த வாங்காம, மொதல்ல அந்த நம்பரக் கேக்குறேன் அக்கா” என்றார்.

அந்த ஒரு நாள் தாமதம் அவருக்கு எந்த நட்டத்தையும் தராது. கேள்விக்குக் கோபப்படும் முகவராக இருந்தால், அந்தக் கோபமே போதுமான பதில்.