விஞ்சையர் வந்த வீடு

இலக்கணமும் காப்பிய நயமும் எழுதிப் பழகிய கை இவ்வாரம் ஒரு குழந்தையின் பிறந்தநாள் விழாவைப் பற்றி எழுதப் புகுகின்றது. பண்டிதருக்கு வயதேறப் புத்தி தளர்ந்துவிட்டது என்று நண்பர் சிலர் நகைத்தல் கூடும். நகைக்கட்டும். முப்பது ஆண்டுகளாக வகுப்பறையில் நின்று சொல்லுக்குப் பொருள் உரைத்து வந்த நான், ஒரு சொல்லின் கனத்தை என் பேத்தியின் வாயிலாக அறிந்துகொண்ட வரலாறு இது. ஆசிரியரும் மாணவரும் வாசிக்கும் இப்பகுதியில் அதனைச் சொல்லாமல் வேறெங்கே சொல்வேன்?

எமது ஊர் பன்வில. கண்டியிலிருந்து வத்தேகம வழியாக மேலேறி வருவோர், தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே அதனைக் காண்பர். அப்பால் நக்கிள்ஸ் மலைத்தொடர். மடக்கிய கையின் விரற்கணுக்களைப் போல முகடுகள் தோன்றுதலால் வெள்ளையர் இட்ட பெயர் அது. மாலையானதும் அம்முகடுகளிலிருந்து மூடுபனி இறங்கி வந்து, வீதியையும் கடைகளையும் லயங்களையும் ஒன்றன்பின் ஒன்றாக மறைத்துவிடும். மாயவித்தைக்கு இதனினும் தக்க மேடை வேறு வேண்டுமோ!

என் பேத்திக்கும் அவ்வாறே தோன்றியது போலும். ஒன்பதாவது பிறந்தநாள் நெருங்கியபோது என் சாய்வு நாற்காலியின் கையைப் பற்றிக்கொண்டு அவள் கட்டளையிட்டாள்: “தாத்தா, இந்தமுறை வர்றவங்க எல்லாரும் மந்திரவாதிகளாத்தான் வரணும்.”

கூம்புத் தொப்பி, நீண்ட அங்கி, கையில் மந்திரக்கோல், கூரையில் ஆந்தை. இவையெல்லாம் ஹாரி பாட்டர் என்னும் சிறுவனின் கதையிலிருந்து வந்தவை என அறிந்தேன். ஜே. கே. ரோலிங் என்னும் ஆங்கிலப் பெண்மணி எழுதிய அக்கதையின் முதல் நூல் 1997ஆம் ஆண்டில் வெளிவந்தபோது முதலில் அச்சிடப்பட்ட கெட்டி அட்டைப் பிரதிகள் 500 மட்டுமே. 2007இல் ஏழாவது நூலோடு கதை நிறைவுற்றது. அதற்குள் உலகின் குழந்தைகளிற் பலர் அவருடைய வாசகராகிவிட்டனர். தமிழிலும் அக்கதை வந்துள்ளது.

முதலில் நான் முகஞ்சுளித்தேன். சித்தர் பிறந்த மரபில் மேனாட்டு மந்திரவாதிக்கு என்ன வேலை என்பது என் வாதம். ஆயினும் முதல் நூலைப் புரட்டியபோது, கதை முழுவதும் சுற்றிவருவது நம்மவர் இரசவாதம் என்று போற்றிய வித்தையையே எனக் கண்டேன். அதில் வரும் நிக்கொலா பிளமெல் கற்பனை மாந்தரல்லர். பாரிஸ் நகரில் ஏடெழுதிப் பிழைத்து 1418இல் மறைந்தவர். அவர் பாதரசத்தைப் பொன்னாக்கினார் என்ற கதை பின்னர் எழுந்தது. ஏடெழுதுபவனைச் சித்தனாக்கி மகிழும் வழக்கம் அங்கும் உண்டு போலும்! என் முகச்சுளிப்பு பாதி நீங்கியது.

ஒற்றுப்பிழையும் சொற்பிழையும்

பிரிஸ்டல் அட்டையை வெட்டி, ஆந்தைப் படம் வரைந்து, பதினான்கு அழைப்பிதழ்களை என் பேத்தி தானே எழுதினாள். ஆங்கிலத்தில் மந்திரம் வல்ல ஆணுக்கு ஒரு பெயரும் பெண்ணுக்கு ஒரு பெயரும் உள்ளனவல்லவா? அகராதியைப் பார்த்து அவளும் அவ்வாறே, ‘மந்திரவாதிகளே, சூனியக்காரிகளே, வருக!’ எனத் தொடங்கியிருந்தாள். என்னிடம் காட்டினாள். ஓரிடத்தில் ஒற்று மிகாமல் விட்டிருந்ததைச் சிவப்பு மையால் திருத்திக் கொடுத்தேன். ஒற்றுப்பிழை கண்ணில் பட்டது, சொற்பிழை படவில்லை. பண்டிதனின் கண் அத்தகையது!

மறுநாள் ஓர் அழைப்பிதழ் திரும்பி வந்தது. வகுப்பில் உடன் பயிலும் தோட்டத்துச் சிறுமி ஒருத்தி, அதனை வாசித்துவிட்டு, மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாளாம்.

“அவ வரமாட்டாளாம் தாத்தா. அவங்க பாட்டியை லயத்துல அப்படித்தான் சொல்லுவாங்களாம்.”

அச்சிறுமியின் பாட்டியை நான் அறிவேன். பல்லாண்டுகளாக லயத்துக் குழந்தைகளுக்கு வேப்பிலை அடித்து, மந்திரித்து, விபூதி பூசிவந்தவர் அவர். காய்ச்சலென்றால் மருந்துக்கடைக்கு முன் அவரிடமே ஓடுவர். சில ஆண்டுகளுக்கு முன்னர் அடுத்த வீட்டுக் குழந்தை ஒன்று நெடுநாள் நோயுற்றது. அதே மாதத்தில் வேறொருவரின் கறவை மாடும் இறந்தது. யாரோ அச்சொல்லைச் சொன்னார்கள். அன்றுமுதல் அவர் கையால் எவரும் தண்ணீர் வாங்குவதில்லை. போக்குவதற்கு அவரிடம் மந்திரமிருந்தால் ஏவுவதற்கும் இருக்குமன்றோ என்பது அவர்கள் கண்ட நியாயம்.

அக்காலத்தில் ஒருநாள் தேநீர்க் கடையில் என்னிடமே கேட்டார்கள், “வாத்தியார் என்ன சொல்றீங்க?” என்று. நான் புன்னகை செய்து பத்திரிகையை விரித்துக்கொண்டேன். பாமரர் பேச்சிற் பண்டிதன் தலையிடுவதா என்ற செருக்கு. என் மௌனத்தை அவர்கள் சம்மதமாகக் கொண்டார்கள். ‘வாத்தியாரே மறுக்கவில்லை’ என்று பின்னர் பேசிக்கொண்டதாகக் கேள்வியுற்றேன். அப்போதும் நான் வாய் திறந்திலேன்.

இஃது எமது மலைக்கு மட்டும் உரிய பழியன்று. ஐரோப்பாவில் பதினைந்தாம் நூற்றாண்டு முதல் பதினெட்டாம் நூற்றாண்டு வரை ஏறத்தாழ 40,000 முதல் 50,000 பேர் இப்பழி சுமந்து கொல்லப்பட்டனர் என வரலாற்றாசிரியர் கணிக்கின்றனர். அவர்களுட் பெரும்பாலோர் பெண்டிர். 1692ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சேலம் என்னும் ஊரில் 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். அங்கே வலிப்புக் கண்டு, தம்மைச் சிலர் மந்திரத்தால் வருத்துவதாக முதலில் அலறியவர்கள் ஒன்பது வயதும் பதினொரு வயதும் நிறைந்த இரு சிறுமியர். அண்டை நாடான இந்தியாவில் பீகார் மாநிலம் இப்பழி சுமத்தலைத் தடுக்க 1999இல் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. சட்டம் வேண்டுமளவுக்கு ஒரு சொல் கொடிதாயிருக்கின்றது.

சூனியம் என்ற வடசொல்லுக்கு வெறுமை என்பதே பொருள். கணக்கிலே பூச்சியமும் அதுவே. ஒன்றுமில்லாததைக் காட்டி ஒரு முதியவளின் வாசலை வெறுமையாக்கிவிட்டோம்.

வேறு சொல் தேடிய கதை

“தாத்தா, வேறே நல்ல சொல் இல்லையா?” என்றாள் பேத்தி. அன்றிரவு ஏடுகளைப் புரட்டினேன். நம் காப்பியங்களில் விஞ்சையர் என்று ஓர் இனத்தார் வருவர். வானில் இயங்குவர், உருமாறுவர், மந்திரம் வல்லர். விஞ்சை என்பது வித்தை என்பதன் மற்றொரு வடிவமே. ஆகவே விஞ்சையர் எனின் வித்தையை உடையவர் என்பதே பொருள். ஆங்கிலத்தில் மந்திரவாதியைக் குறிக்கும் ‘விசார்ட்’ என்னும் சொல்லும் அறிவுடைமையைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது என்பர் சொல்லாராய்ச்சியாளர். இரு மொழியும் ஓரிடத்திற் கைகோத்து நிற்கக் கண்டு மகிழ்ந்தேன். மேலும் விஞ்சையர் என்பது பலர்பால். ஆணுக்கொன்று பெண்ணுக்கொன்று என்ற பிரிவினையும் அதில் இல்லை. ‘விஞ்சையர் அனைவரும் வருக’ எனப் பதினான்கு அழைப்பிதழ்களும் புதிதாக எழுதப்பட்டன.

பதினான்காவதனை நானும் பேத்தியும் நேரிற் கொண்டு சென்றோம். செங்குத்தான ஏற்றம், எனக்கு மூச்சு வாங்கிற்று. முதியவள் இஸ்தோப்பில் அமர்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டு எழுந்து பாய் விரித்தாள். நெடுநேரம் தயங்கிப் பின்னர்க் கேட்டாள்:

“வாத்தியாரய்யா... சாயத்தண்ணி குடிப்பீங்களா?”

லயத்து வீடுகளில் இக்கேள்வியை எவரும் கேட்பதில்லை. வந்தவர் அமருமுன்னரே தேநீர் வந்துவிடும். கேட்டுத்தான் கொடுக்கவேண்டும் என்ற நிலைக்கு அவளை ஆளாக்கியவர்களுள் நானும் ஒருவன். “கொடுங்கள் அம்மா” என்றேன். கித்துள் கருப்பட்டித் துண்டொன்றை உள்ளங்கையில் வைத்து, கோப்பையை நீட்டினாள். எதிர் லயத்துக் கதவுகள் பாதி திறந்திருந்தன. அவை பார்க்கும்படி வாசலில் நின்றே குடித்தேன். பேத்தியும் என் கோப்பையிலிருந்து ஒரு மிடறு வாங்கிக் குடித்தாள்.

“அன்றைக்கு நான் பேசியிருக்கவேண்டும் அம்மா” என்றேன்.

“அது கெடக்குங்க. புள்ளைக்கு என்ன உடுத்தி அனுப்புறது? அதச் சொல்லுங்க.”

அவ்வளவே அவள் விடை.

விழா நாள்

விழாவன்று காலை அச்சிறுமி ஒரு கட்டோடு வந்தாள். கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து பொறுக்கிய தேயிலை மிலாறு; பதினான்கு குச்சிகள், பட்டை உரித்து, கத்தியால் இழைத்து, மெருகேற்றப்பட்டிருந்தன. பாட்டி அனுப்பிய மந்திரக்கோல்கள்!

தொப்பிகள் அட்டையால் ஆயின. ஆந்தைகள் சிரட்டையால் ஆயின. மேசைமேல் ஐசிங் கேக்கும் ரோல்சும் பற்றீசும் இருந்தன. பண்டிதன் வீட்டு மந்திரங்கள் மட்டும் சித்திரகவியிலிருந்து வந்தன. வாயிற்கதவைத் திறக்க மாலைமாற்று ஒன்று சொல்லவேண்டும். அஃதாவது முன்னிருந்தும் பின்னிருந்தும் ஒன்றுபோல் வாசிக்கக்கூடிய சொல். ‘விகடகவி’ என்றான் ஒருவன். ‘மேளதாளமே’ என்றாள் ஒருத்தி. அத்தோட்டத்துச் சிறுமி என்னைச் சற்றுநேரம் பார்த்துவிட்டு, “தாத்தா” என்றாள். “தா, த், தா. சரிதானுங்களே?” முப்பதாண்டுகள் மாலைமாற்றுக் கற்பித்தவன், தானே ஒரு மாலைமாற்று என்பதை அன்றுவரை அறிந்திலேன்!

அடுத்தது எழுத்தை நீக்கும் வித்தை. உலகெங்கும் மந்திரவாதிகள் சொல்லும் ‘அப்ரகடப்ரா’ என்பது பண்டை உரோமாபுரியில் காய்ச்சலுக்குக் கட்டிய தாயத்து. வரிக்கு ஓர் எழுத்தைக் குறைத்து முக்கோணமாக எழுதிக் கழுத்தில் அணியவேண்டும் என செரினஸ் சம்மோனிக்கஸ் என்பவர் எழுதிவைத்தார். எழுத்துக் குறைவதுபோல் நோயும் குறையுமாம். நம் தண்டியலங்காரம் கூறும் அக்கரச்சுதகமும் எழுத்தைக் குறைப்பதே. ஆயின் இங்கே குறையுந்தோறும் புதுப்பொருள் பிறக்கவேண்டும். கரும்பலகையில் ‘தலைநகரம்’ என எழுதினேன். மந்திரக்கோல் பட்டதும் ‘நகரம்’ ஆயிற்று. மீண்டும் பட்டதும் ‘கரம்’ ஆயிற்று. பின்னர் ‘ஏமாற்றம்’ என எழுதினேன். என் பேத்தி வந்து முதலெழுத்தை அழித்தாள். ‘மாற்றம்’ நின்றது. பழந்தமிழில் மாற்றம் என்பதற்குச் சொல் என்றும் பொருளுண்டு என்றேன். குழந்தைகள் அதைப் பொருட்படுத்தவில்லை. அவர்கள் கண் கேக்கில் இருந்தது.

ஆதலின் உணவுக்கு முன் மணிமேகலையின் கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். மணிமேகலா தெய்வம் அவளுக்கு மூன்று மந்திரங்கள் அருளியது: வேற்றுருக் கொள்ள ஒன்று, வானிற் செல்ல ஒன்று, பசியாற்ற ஒன்று. அம்மந்திரம் தன் பசியை மட்டுமே ஆற்றும். பிறர் பசிக்கு மணிபல்லவத்தில் அமுதசுரபி வேறாகக் கிடைத்தது. மணிபல்லவத்தை நம் நயினாதீவென்றே கூறுவாருமுளர். அப்பாத்திரத்தின் அன்னத்தால் பெரும்பசி நீங்கப்பெற்ற காயசண்டிகை என்பவளும் ஒரு விஞ்சையர் குலப் பெண்ணே.

“அப்போ அமுதசுரபி யாரு கையில?” என்று ஒரு சிறுவன் கேட்டான். நான் பாத்திரத்தைத் தோட்டத்துச் சிறுமியின் கையிற் கொடுத்தேன். ஒரு கணம் எவரும் தட்டை நீட்டவில்லை. வீட்டில் கேட்ட பேச்சு குழந்தைகளின் முகத்தில் வந்து நின்றது. என் பேத்தி முதலில் நீட்டினாள். அடுத்து ‘விகடகவி’ சொன்ன சிறுவன் நீட்டினான். பின்னர் எல்லாத் தட்டுகளும் ஒருங்கே நீண்டு, ‘எனக்கு, எனக்கு’ என்ற ஆரவாரம் எழுந்தது.

மந்திரம் என்பது, சொல்வன்மை நிறைந்தோர் ஆணையாகச் சொல்லும் மறைவான சொல் என்று தொல்காப்பியர் இலக்கணம் வகுத்தார். நம் வாயிற் பிறக்கும் சொல்லும் ஆணையாகிவிடுகின்றது, ஆசிரியப் பெருமக்களே. தேநீர்க் கடையில் நாம் சொல்லாமல் விழுங்கிய சொல்லும் அவ்வாறே. ஒற்று மிகுமிடம் மிகாவிடம் கற்பிக்கும் நாம், சொல் சுடுமிடம் சுடாவிடமும் கற்பித்தல் வேண்டும்.

மாலையில் அச்சிறுமியை நானே கொண்டுபோய் விட்டேன். மூடுபனி இறங்கியிருந்தது. பாட்டி கேட்டது ஒன்றுதான்: “இவ கையால குடுத்தத எல்லாரும் வாங்கிச் சாப்பிட்டாங்களா?” ஆம் என்றேன். அவள் ஒன்றும் பேசாமல் உள்ளே சென்று, என்னைக் கேளாமலே சாயத்தண்ணி கொண்டுவந்தாள்.

எனினும் முழுவதும் வென்றுவிட்டதாக எழுதுவது உண்மையாகாது. அழைத்தவர் பதினால்வர், வந்தவர் பதினொருவர். அச்சிறுமி வருகிறாள் என்றறிந்து மூன்று வீட்டார் பிள்ளைகளை அனுப்பவில்லை. எஞ்சிய மூன்று மந்திரக்கோல்களைப் பேத்தி திங்கட்கிழமை பாடசாலைக்குக் கொண்டுசென்றாள். இரண்டு பிள்ளைகள் வாங்கிக்கொண்டனர். மூன்றாவது கோல் இதனை எழுதும் மேசைமேல், என் மைக்கூட்டின் அருகே இருக்கின்றது. எடுத்துவைக்கட்டுமா என்று கேட்டேன். கூடாதாம், அடுத்த வாரமும் கொண்டுபோய்ப் பார்ப்பாளாம்.