இளைஞர் நாவல்களிற் சாவின் நிழல்

இளைஞர் உள்ளம் கதையை வெறும் பொழுதுபோக்காகக் கொள்வதில்லை. பதினைந்து பதினாறு வயதிற் படிக்கும் நாவலின் தலைவன், படிப்பவனுக்கு உற்ற தோழனாகி விடுகிறான்; அவன் சிரித்தாற் சிரிப்பும், அழுதால் அழுகையும் தாமே வருகின்றன. அத்தகைய தலைவன் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்வானாயின், அக்கதை படிப்பவனை என் செய்யும்? அந்நூலை அவன் கையிலிருந்து பறித்துவிடுதல் முறையா? அன்றி, அவனோடு உடனிருந்து படித்தல் முறையா? மேனாட்டார் இருநூற்றைம்பது ஆண்டுகளாக இவ்வினாவை எழுப்பி வாதிட்டு வருகின்றனர். ஆங்கில நாவல்களையும் அவற்றைத் தழுவிய தொடர்களையும் நம் பிள்ளைகள் கைத்தொலைபேசியிலேயே காணும் இக்காலத்தில், அவ்வாதம் நமக்கும் உரியதாயிற்று.

ஒரு சிறு நூல் எழுப்பிய புயல்

1774ஆம் ஆண்டில் ஜேர்மனியின் லைப்சிக் நகரில் 'இளம் வேர்த்தரின் துயரங்கள்' என்னும் நாவல் வெளியாயிற்று. அதன் ஆசிரியர் கதேக்கு அப்பொழுது வயது 25. வேறொருவருக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணிடத்து மனத்தைப் பறிகொடுத்து, அத்துயரைத் தாங்கமாட்டாது உயிர் துறக்கும் ஓர் இளைஞனின் கதை அது. பெரும்பாலும் கடிதங்களாலேயே அமைந்தமையால், வேர்த்தர் தமக்கே எழுதுவது போல வாசகர் உணர்ந்தனர். ஐரோப்பாவெங்கும் இளைஞர் அவனைப் போல நீல மேலங்கியும் மஞ்சள் உள்ளங்கியும் அணிந்து திரிந்தனர். உடையோடு நின்றதா அப்பித்து? அவன் முடிவையும் சிலர் பின்பற்றினர் என்ற செய்தி பரவிற்று. 1775இல் லைப்சிக் நகராட்சியினர் நூலைத் தடைசெய்தனர், அவ்வுடையையும் தடைசெய்தனர். கதேயும் வாளா இருந்தாரல்லர். அதே ஆண்டு வந்த பதிப்பில், தன்னைப் பின்பற்றற்க என வேர்த்தரே வாசகனை எச்சரிக்கும் அடிகளைச் சேர்த்தார்.

அந்நாளில் எழுந்த செய்திகளில் உண்மை எவ்வளவு, வதந்தி எவ்வளவு என்று பிரித்தறிதல் அரிது. ஆயினும், சரியாக இருநூறு ஆண்டுகளின் பின், 1974இல், டேவிட் பிலிப்ஸ் என்னும் அமெரிக்கச் சமூகவியலறிஞர் கணக்குகளைக் கொண்டு இதனை ஆராய்ந்தார். தற்கொலைச் செய்திகளைப் பத்திரிகைகள் முதற்பக்கத்திற் பெரிதாக வெளியிட்டபின், அத்தகைய சாவுகள் மிகுவதை அவர் கண்டார். அவ்விளைவுக்கு 'வேர்த்தர் விளைவு' என்று பெயருமிட்டார்.

மணியோசை கேட்ட பறவை வேடன்

இக்கதைக்கு மறுபக்கமும் உண்டு. 1791இல் வியன்னாவில் அரங்கேறிய மொசார்ட்டின் 'மாயப் புல்லாங்குழல்' என்னும் இசை நாடகத்தில், பப்பகேனோ என்றொரு பறவை வேடன் வருகிறான். தன் காதலியை இழந்தோம் என்று எண்ணி உயிரை விடத் துணியும் அவனை மூன்று சிறுவர் தடுத்து, அவனிடம் ஏற்கெனவே இருக்கும் மணிகளை ஒலிக்குமாறு நினைவூட்டுகின்றனர். அவன் ஒலிக்கிறான், காதலி வந்து சேர்கிறாள்.

2010இல் ஒஸ்திரிய ஆய்வாளர் சிலர் இவ்வேடனின் பெயரை ஓர் உண்மைக்குச் சூட்டினர். சாவை நினைத்தும் அந்நினைவை வென்று வாழ்ந்தோரைப் பற்றிய பத்திரிகைக் கட்டுரைகள் வெளிவந்த பின்னர், தற்கொலைகள் குறைந்திருந்தமையை அவர்கள் கண்டனர். இதுவே 'பப்பகேனோ விளைவு' எனப்படுவது. எனவே, இப்பொருளைப் பற்றிப் பேசுதல் தானே தீங்கன்று. எவ்வாறு பேசுகிறோம் என்பதே நஞ்சையும் மருந்தையும் வேறுபடுத்துகின்றது.

இரு நாவல்கள்

இவ்வேறுபாட்டை விளக்க, அமெரிக்க நாவல்கள் இரண்டினை ஈண்டு எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, ஜூடித் கெஸ்ட் 1976இல் எழுதிய 'சாதாரண மனிதர்கள்'. முதியோர்க்கென எழுதப்பெற்றதாயினும், அந்நாட்டுப் பாடசாலை மாணவர் பலராற் படிக்கப்பட்டது. கொன்ராட் என்னும் இளைஞன் படகு விபத்தொன்றில் அண்ணனைப் பறிகொடுக்கிறான். தான் மட்டும் பிழைத்தேன் என்ற குற்றவுணர்வு அவனை வாட்ட, சாவைத் தேடிப் போய் மீட்கப்படுகிறான். கதை தொடங்குவது அதற்குப் பின்னரே. வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பியவனுக்குத் தாயின் முகம் கொடுக்க முடியாத குளிர்ச்சி, தந்தையின் தவிப்பு, நண்பர்களின் கூச்சம். இவற்றிடையே பேர்கர் என்னும் மனநல வைத்தியர் அவன் கோபத்தையும் அழுகையையும் வெளிவரச் செய்கிறார். வைத்தியசாலையில் அவனோடு பழகிய பெண்ணொருத்தி மாண்ட செய்தி கேட்டு அவன் மீண்டும் தத்தளிக்கும் இரவில், அவன் நாடிச் செல்வது அவ்வைத்தியரையே. துன்பத்தை இந்நூல் சிறிதும் மறைக்கவில்லை, துணையையும் மறைக்கவில்லை. 1980இல் இதனைத் தழுவி வெளிவந்த திரைப்படம் சிறந்த படத்துக்கான ஒஸ்கார் விருதினைப் பெற்றது.

இரண்டாவது, ஜே ஆஷர் 2007இல் எழுதிய 'பதின்மூன்று காரணங்கள்'. ஹன்னா என்னும் மாணவி, தன்னைத் துன்புறுத்தியோரையும் கைவிட்டோரையும் பற்றி ஒலிநாடாக்களிற் பேசிப் பதிந்துவிட்டு மாண்டு போகிறாள். அந்நாடாக்கள் ஒருவர்பின் ஒருவராக அவர்களைச் சென்றடைகின்றன. சிறு ஏளனமும் வதந்தியும் ஓர் உள்ளத்தை எவ்வளவு காயப்படுத்தும் என்பதை உணர்த்துவதில் இந்நூல் வெற்றி பெற்றதென்றே சொல்லலாம். பிறரை இகழுமுன் நின்று நினைக்கக் கற்றோம் என்ற இளம் வாசகரும் உளர். ஆயின் அதன் கட்டமைப்பிலேயே ஓர் ஆபத்து உறைகின்றது. வாழ்ந்தபோது எவரும் கேளாத அவள் குரலை மாண்டபின் எல்லோரும் கேட்கின்றனர். சாவு அவளுக்கு நீதி வழங்கும் கருவியாகின்றது. உண்மை வாழ்வில் மாண்டவர் தம்மைப் பற்றிப் பிறர் வருந்துவதைக் காண்பதில்லை. இவ்வெளிய உண்மையைக் கதையின் வேகம் மறைத்து விடுகின்றது.

2017இல் நெட்பிளிக்ஸ் நிறுவனம் இதனைத் தொடராக்கி, அம்முடிவை நேரடியாகவே காட்டிற்று. வைத்தியர்களும் ஆசிரியர்களும் கண்டித்தனர். தொடர் வெளிவந்ததையடுத்த ஏப்ரல் மாதத்தில் அமெரிக்காவில் 10 முதல் 17 வயது வரையானோரிடையே தற்கொலை வீதம் நூற்றுக்கு 28.9 உயர்ந்திருந்ததென 2019இல் வெளிவந்த ஆய்வொன்று கூறிற்று. 2020இல் வேறோர் ஆய்வாளர் அக்கணக்குகளையே மீண்டும் ஆராய்ந்து, அவ்வுயர்வைத் தொடரின்மேல் ஏற்றுதற்குப் போதிய சான்றில்லை என மறுத்தார். எனினும், 2019 ஜூலையில் நிறுவனத்தார் அக்காட்சியை நீக்கினர். காரணம் ஐயத்துக்குரியதாயினும், நீக்கியதால் எவரும் எதையும் இழந்திலர்.

நல்ல நூலை அறிவது எங்ஙனம்?

இவ்விரண்டையும் ஒப்புநோக்கின் சில அளவுகோல்கள் புலனாகின்றன. சாகும் முறையை நுணுக்கமாக விவரிக்கும் நூல் நன்றன்று. சாவை வீரமாகவோ, பழிவாங்கலாகவோ, காதலின் சிகரமாகவோ காட்டும் நூலும் நன்றன்று. ஒரே ஒரு காரணத்தைச் சுட்டும் கதையும் உண்மைக்குப் புறம்பானது. பரீட்சைத் தோல்வியோ காதல் முறிவோ கண்ணுக்குத் தெரியும், அதன் அடியிற் கிடக்கும் மனநோயும் தனிமையும் தெரிவதில்லை. உதவி கேட்கும் காட்சி கதையில் உண்டா, கேட்டவனுக்கு உதவி கிட்டுகிறதா, எஞ்சியோரின் துயர் பேசப்படுகிறதா என்று பார்த்தல் வேண்டும்.

பெற்றோர்க்கு ஒரு வார்த்தை. பிள்ளையின் மேசையில் இத்தகைய நூலைக் கண்டு பதறிப் பிடுங்கி எறிவதாற் பயனில்லை. அவன் ஒளித்துப் படிப்பான், அதைவிடக் கொடிது, தனியே படிப்பான். நீங்களும் படியுங்கள். "இவன் யாரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம்?" என்று கேளுங்கள். பேச்செடுத்தாற் பிள்ளையின் மனத்தில் இல்லாத எண்ணத்தை விதைத்து விடுவோமோ என்ற அச்சம் பலர்க்கும் உண்டு. 2005இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், நியூயோர்க் மாநிலத்து உயர்பாடசாலை மாணவர் ஈராயிரத்துக்கு மேற்பட்டோரிடம் இவ்வினா ஆராயப்பட்டது. தற்கொலை எண்ணம் பற்றி வினவியதால் அவர்களுடைய துயரோ அவ்வெண்ணமோ மிகவில்லை. கேட்பது தீங்கு செய்யாது. கேளாதிருப்பதே பிள்ளையைத் தனியனாக்கும்.

மாணவ நண்பர்காள்! உங்களுக்கும் ஒன்று சொல்வோம். நாவலின் கடைசிப் பக்கத்துக்கு அப்பால் அதன் தலைவனுக்கு வாழ்வில்லை. ஆசிரியர் எழுதிய முடிவை அவன் மாற்றவும் இயலாது. உங்கள் கதையோ இன்னும் எழுதப்படாதது. மனம் இருண்டால் அதனை ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். முதலாமவர் செவி கொடாவிடின் இரண்டாமவரிடம் செல்லுங்கள். தோழன் ஒருவன் சாவைப் பற்றிப் பேசுவானாயின் அதனை இரகசியமாகக் காத்தல் நட்பன்று. நம்பத்தக்க மூத்தவர் ஒருவரிடம் உடனே தெரிவிப்பதே நட்பு.

தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கொண்ட பழஞ்சட்டம் நம் நாட்டில் 1998இல் நீக்கப்பட்டது. ஆகவே உதவி நாடுவோர் சட்டத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. 1974இல் நிறுவப்பெற்ற சுமித்ரயோ அமைப்பினர் துயருற்றோர்க்குச் செவிகொடுத்து வருகின்றனர். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கமும் உண்டு. இவ்விலக்கத்தைக் கதைப் புத்தகத்தின் உள்ளட்டையில் எழுதி வைத்தல் நன்று. படிக்கும் பிள்ளைக்குத் தேவைப்படாவிடினும், அப்புத்தகத்தை இரவல் வாங்கிச் செல்லும் இன்னொரு பிள்ளைக்கு அது தேவைப்படலாம்.