ஸ்கூல் பஸ்ஸுக்கு எந்த எரிபொருள்: தஞ்சாவூர்ல இருந்து வந்த ஒரு கேள்வி

இந்த எபிசோடுக்குக் காரணம் ஒரு நண்பன். அவனோட சித்தப்பா அம்மாப்பேட்டை பக்கம் ஒரு சின்ன தனியார் பள்ளியோட நிர்வாகத்துல இருக்கார். பள்ளியில ஏழு பஸ். அதுல ரெண்டு ரொம்பப் பழசு, வர்ற ஜூனுக்குள்ள மாத்தியே ஆகணும். "தம்பி, இன்ஜினியரிங் படிச்சிருக்கீங்க. டீசலே வாங்கலாமா, சிஎன்ஜியா, இல்ல கரண்ட் பஸ்ஸா? ஒரு வழியச் சொல்லுங்க"ன்னு போன்ல கேட்டார். நான் படிச்சது கம்ப்யூட்டர் சயின்ஸ்னு சொல்லியும் விடலை. அதனால ரெண்டு வாரம் உட்கார்ந்து படிச்சேன்.

முதல்ல டீசல். நானும் தஞ்சாவூர் பக்கம் ஸ்கூல் பஸ்லதான் படிச்சு வளர்ந்தேன். கடைசி சீட், புகை வாசனை, வாந்தி வராம இருக்கக் கையில ஒரு எலுமிச்சம்பழம். அந்த வாசனைய நாங்க யாரும் பெரிசா எடுத்துக்கலை. 2001ல கலிபோர்னியாவுல என்.ஆர்.டி.சி.ங்கிற சுற்றுச்சூழல் அமைப்பு டீசல் ஸ்கூல் பஸ்ஸுக்குள்ள காத்தை அளந்து பார்த்தது. பஸ்ஸுக்கு முன்னாடி போற கார்ல இருக்கிறவரை விட, பஸ்ஸுக்குள்ள உட்கார்ந்திருக்கிற குழந்தை நாலு மடங்கு வரைக்கும் டீசல் புகைய சுவாசிக்கலாம்னு அவங்க அறிக்கை சொல்லுது. வெளியே விடுற புகை கதவு, ஜன்னல் வழியா திரும்ப உள்ளேயே வருது. 2012ல உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆய்வுப் பிரிவு, டீசல் புகை மனுஷங்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும்னு உறுதியான பட்டியல்லயே சேர்த்துடுச்சு.

ஆனா "டீசல்"ங்கிறது ஒரே பொருள் இல்லை. 2020 ஏப்ரல் 1ல இருந்து இந்தியா முழுக்க பிஎஸ்-6. டீசல்ல இருக்கிற கந்தகம் 50 பிபிஎம்ல இருந்து 10க்கு இறங்கிடுச்சு. சைலன்சர் பக்கம் ஒரு ஃபில்டர் வெச்சு கரித்துகளைப் பிடிக்கிறாங்க. பழைய பிஎஸ்-3 பஸ்ஸையும் புது பிஎஸ்-6 பஸ்ஸையும் ஒரே தராசுல வைக்கவே முடியாது.

இங்கதான் டெல்டாவுக்குன்னு ஒரு சிக்கல். அந்த ஃபில்டர்ல சேர்ற கரியை இன்ஜின் அப்பப்போ எரிச்சு சுத்தம் பண்ணிக்கணும். அதுக்கு சுமார் 600 டிகிரி வெப்பம் வேணும். ஹைவேல ஒரே வேகத்துல ஓடுற வண்டிக்கு அது தானா நடந்துடும். நம்ம ஸ்கூல் பஸ் என்ன பண்ணுது? வெண்ணாத்தங்கரை, வடவாத்தங்கரை மாதிரி குறுகலான கரை ரோட்டுல இருபது, முப்பது வேகத்துல போய், கிலோமீட்டருக்கு ஒரு தடவை நின்னு, எதிர்ல நெல் அறுவடை மெஷின் வந்தா ரிவர்ஸ் எடுத்து ஒதுங்குது. இன்ஜின் சூடாகவே மாட்டேங்குது. ஃபில்டர் அடைச்சுக்குது, டேஷ்போர்டுல விளக்கு எரியுது, டிரைவர் அதைக் கண்டுக்காம ஓட்டறார், அப்புறம் ஒர்க்‌ஷாப். சித்தப்பாவுக்கு இது ஏற்கெனவே தெரிஞ்சிருந்தது. "அந்த லைட்டுதான தம்பி, எங்களுக்கு அது தினமும் தீபாவளி"ன்னார்.

சரி, சிஎன்ஜி. இந்தியாவோட பெரிய உதாரணம் டெல்லி. எம்.சி.மேத்தா வழக்குல 1998 ஜூலைல உச்ச நீதிமன்றம், 2001 மார்ச் 31க்குள்ள எல்லா பஸ்ஸும் சிஎன்ஜிக்கு மாறணும்னு உத்தரவு போட்டுச்சு. கெடு வந்தப்போ பஸ்ஸும் தயாரில்லை, பங்கும் போதலை. 2001 ஏப்ரல்ல ஊரே திண்டாடிப் போச்சு, சிஎன்ஜி பங்குகள்ல மணிக்கணக்குல க்யூ. கடைசியில 2002 முடிவுக்குள்ள மாத்திட்டாங்க, கண்ணுக்குத் தெரியற கரும்புகை குறைஞ்சது. நான் அதுல எடுத்துக்கிட்ட பாடம் ரொம்ப சாதாரணமானது: வண்டிக்கு முன்னாடி பங்க். உங்க டெப்போவுல இருந்து அஞ்சு கிலோமீட்டருக்குள்ள நம்பகமான பங்க் இல்லேன்னா, காலையில ஏழு மணிக்கு முதல் ட்ரிப் எடுக்க வேண்டிய பஸ்ஸுக்கு சிஎன்ஜி சரிவராது. செலவுலயும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரு கிலோ கேஸ்ல ஒரு லிட்டர் டீசலை விட ஆற்றல் அதிகம்தான், ஆனா கேஸ் இன்ஜின் அதை அவ்வளவு திறமையா பயன்படுத்தாது. லாபத்துல பாதி அங்கேயே போயிடுது.

அப்புறம் நம்ம ஊர்ல "கேஸ்"னு சொன்னாலே வேற ஒரு நினைப்பு வரும். அந்த வாயு நம்ம வயலுக்குக் கீழயே இருக்கு. மன்னார்குடி மீத்தேன் திட்டத்துக்கு எதிரா நம்மாழ்வார் ஊர் ஊரா நடந்தார். 2013 டிசம்பர்ல அவர் இறந்ததும் அந்தப் போராட்டத்துக்கு நடுவுல, பட்டுக்கோட்டை பக்கத்துலதான். 2017ல நெடுவாசல், கதிராமங்கலம். 2020ல காவிரி டெல்டாவை பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமா அறிவிச்சு சட்டம் வந்துச்சு. புதுசா எண்ணெய், எரிவாயுக் கிணறு தோண்டத் தடை, ஆனா ஏற்கெனவே இருக்கிற கிணறுகள் தொடரலாம். அதனால மூணு போகம் விளையுற ஊர்ல, மஞ்சள் பஸ் மேல பெரிசா "சிஎன்ஜி"ன்னு எழுதிட்டுப் போனா நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்க. ஆனா ஒரு விஷயத்தை நேர்மையா சொல்லணும்: கரண்ட் பஸ் வாங்கினாலும் இதுல இருந்து முழுசா தப்பிக்க முடியாது. கோவில்களப்பால், குத்தாலம் மின் நிலையங்கள் இந்த மண்ணோட எரிவாயுவுக்காகவே கட்டினதுதான்.

வைக்கோல்ல இருந்து கேஸ் எடுக்கலாமேன்னு கேட்பீங்க. எடுக்கலாம். 2018ல மத்திய அரசு சதத்னு ஒரு திட்டம் தொடங்குச்சு, பஞ்சாப்ல சங்ரூர் மாவட்டத்துல வைக்கோல் ஆலையே ஓடுது. ஆனா அங்க வைக்கோலை வயல்லயே கொளுத்தறாங்க. இங்க அது மாட்டுத் தீவனம். மெஷின் கட்டுற உருளைக்கட்டுக்கு விலை இருக்கு, வாங்க வெளியூர் லாரி வருது. எரிபொருளுக்குன்னு கேட்டா மாட்டோட போட்டி போடணும்.

இப்போ கரண்ட் பஸ். எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி, ரொம்ப ஏமாத்தினதும் இதுதான். நிலம் தட்டை. வேகம் குறைவு. அடிக்கடி பிரேக், பிரேக் போடும்போதெல்லாம் பேட்டரிக்குக் கொஞ்சம் திரும்பி வரும். காலை ஒரு ட்ரிப், சாயங்காலம் ஒரு ட்ரிப், நடுவுல ஆறு மணி நேரம் வெயில்ல சும்மா நிக்குது. பள்ளிக் கூரையில சோலார் போட்டா அந்த நேரத்துலயே சார்ஜ் ஆயிடும். எல்லாமே பொருத்தம்.

கணக்கைப் போட்டேன். எல்லாம் தோராயம்தான், உங்க எண்களை நீங்க போட்டுக்கோங்க. ஒரு பஸ் நாளைக்கு 80 கிலோமீட்டர். லிட்டருக்கு 5 கிலோமீட்டர்னா 16 லிட்டர், 93 ரூபாய்னு வெச்சா 1,488 ரூபாய். கரண்ட்ல சார்ஜிங் இழப்பும் சேர்த்து 80 யூனிட், 9 ரூபாய்னு வெச்சா 720. ஒரு நாளைக்கு 768 மிச்சம். வருஷத்துக்கு 220 பள்ளி நாள்னா சுமார் 1 லட்சத்து 69 ஆயிரம். இப்போ கரண்ட் பஸ் 40 லட்சம் கூடுதல் விலைன்னு வைங்க. அந்தப் பணம் திரும்பி வர 23 வருஷத்துக்கு மேல ஆகும். பஸ்ஸே அதுக்குள்ள போயிடும்.

அப்போ சென்னையில எப்படி ஓட்டறாங்க? 2025 ஜூன் 30ல வியாசர்பாடி டெப்போவுல இருந்து 120 மின்சார பஸ் கிளம்பிச்சு. நகர பஸ் நாளைக்கு 200 கிலோமீட்டர், வருஷம் 350 நாள் ஓடும்னு வைங்க. அதே கணக்குல மிச்சம் ஆறே முக்கால் லட்சம், ஆறு வருஷத்துல விலை திரும்பிடும். ஸ்கூல் பஸ் கம்மியா ஓடுறதுதான் அதுக்குப் பிரச்சினை. சார்ஜிங் வசதிக்கு எது நல்லதோ, அதுவே முதலீட்டுக்குக் கெட்டது.

கஜாவையும் மறக்கக்கூடாது. 2018 நவம்பர் 16ல புயல் அடிச்சப்போ பல கிராமங்கள்ல வாரக்கணக்குல கரண்ட் இல்லை. எல்லா பஸ்ஸையும் ஒரே எரிபொருளுக்கு மாத்துற பள்ளிக்கு அது ஒரு எச்சரிக்கை.

பெற்றோர் கேக்கப் போற முதல் கேள்வி தீ. 2004 ஜூலை 16ல கும்பகோணத்துல 94 குழந்தைகளை இழந்த மாவட்டம் இது. அந்தக் கேள்விய யாரும் அலட்சியமா கடந்துபோகக் கூடாது. டீசல் சுலபத்துல பத்தாது. சிஎன்ஜி 200 பார் அழுத்தத்துல இருக்கு, ஆனா காத்தை விட லேசு, கசிஞ்சா மேல போயிடும். சிலிண்டரை மூணு வருஷத்துக்கு ஒருமுறை சோதிக்கணும். பேட்டரி தீ அபூர்வம், பிடிச்சா அணைக்கிறது கஷ்டம். இதுல மோசமானது வீட்டு எல்பிஜி சிலிண்டரை வேன்ல மாட்டி ஓட்டறது. சட்டவிரோதம், அந்த வாயு காத்தை விட கனம், தரையிலயே தேங்கும். உங்க ஊர் வேன்ல பார்த்தா ஆர்டிஓ ஆபீஸ்ல சொல்லுங்க.

சித்தப்பாவுக்கு நான் சொன்னது இவ்வளவுதான். பழைய ரெண்டையும் முதல்ல வெளியே எடுங்க, குழந்தைங்க மூச்சுக்கு அதுதான் பெரிய லாபம். ஒண்ணுக்கு பிஎஸ்-6 டீசல் வாங்கி, நீளமான ரூட்ல, தஞ்சாவூர் மெயின் ரோடு வழியாப் போறதுல போடுங்க, ஃபில்டர் தப்பிக்கும். இன்னொண்ணுக்குப் பெரிய பஸ்ஸே வேண்டாம், பக்கத்து ஊர் குழந்தைங்களுக்கு ஒரு சின்ன கரண்ட் வேன் விலை விசாரிங்க, விலை வித்தியாசம் அங்க ரொம்பக் கம்மி. அப்புறம் பைசா செலவில்லாத ஒண்ணு: சாயங்காலம் ஸ்கூல் வாசல்ல ஏழு பஸ்ஸும் வரிசையா இன்ஜினை ஓடவிட்டு நிக்குதே, அதை ஆஃப் பண்ணச் சொல்லுங்க.

கடைசி விஷயத்துக்கு மட்டும் உடனே பதில் வந்துச்சு. "ஆஃப் பண்ணா அந்தப் பழைய ரெண்டும் திரும்ப ஸ்டார்ட் ஆகாது தம்பி, பிள்ளைங்கதான் தள்ளணும்."